சீட்டுக்கு அடியில் இரண்டு ஒயர்கள்

அத்தியாயம் 14

அப்பாவிடம் கோதா கடைசியாக எப்போது பொய் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே ஞாபகம் இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று சொன்னாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரேம்ப்பா. லேப்டாப் சார்ஜர் போயிடுத்து."

ராஜகோபாலன் தலையை நிமிர்த்தவில்லை. கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வக்கீல் டைப் அடித்துக் கொடுத்ததில் ஏழு பிழை கண்டுபிடித்து, இனி அவரை நம்பிப் பயனில்லை என்று தானே கைப்பட எழுத ஆரம்பித்திருந்தார். நாளைக்குக் கோர்ட்டில் சொல்ல வேண்டியது மூன்று பக்கத்துக்கு வந்திருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு. ஞாபகம் இருக்கோன்னோ?"

"இருக்குப்பா."

"அந்தப் பாவி மூஞ்சியைப் பார்க்கணும். அதுக்குத் தெம்பு குடுன்னுதான் பெருமாள்கிட்ட வேண்டிண்டிருக்கேன்."

கோதா செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளும் அதே மனுஷனைத்தான் பதினாலு மாதமாக வெறுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோதாவும் தம்பி ரகுநந்தனும் சேர்ந்து செய்த தொழில், பழைய பொக்லைன் இயந்திரங்களில் எரர் கோட் வந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. வாங்குகிறவன், விற்கிறவன், ஓட்டுகிறவன் எல்லோருக்கும் திருச்சி சுற்றுவட்டாரத்தில் இவர்கள் நம்பர் தெரியும். ரகு இடத்துக்குப் போவான், மானிட்டரை போட்டோ எடுத்து அனுப்புவான். ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒயரிங் படங்களை விரித்து வைத்துக்கொண்டு கோதா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்ததும் அவள்தான், தொழில் கற்றுக் கொடுத்ததும் அவள்தான்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், லால்குடி பக்கம் ஓர் ஏரியில் தூர்வாரும் வேலை. பொக்லைனின் அந்த நீள இரும்புக் கையை பூம் என்பார்கள். அதற்குக் கீழே நின்று ரகு ஒரு சென்சாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூம் இறங்கிவிட்டது. முப்பத்தோரு வயது.

ஆபரேட்டர் சிவசங்கர் அன்றிலிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னான்: "லாக் போட்டுட்டுத்தான் சீட்டை விட்டு எழுந்தேன்." சீட்டுக்கு இடது பக்கம் ஒரு லிவர் உண்டு. அதைத் தூக்கிவிட்டால் கைப்பிடிகளை எப்படி ஆட்டினாலும் இயந்திரம் அசையாது. பூம் இறங்கியது என்றால் லாக் போடவில்லை என்றுதானே அர்த்தம்? போலீசும் அப்படித்தான் எழுதியது. ஆய்வுக்கு வந்தவர் ஆயில், குழாய், சிலிண்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம், அன்றோடு ஓடாமல் கிடந்த அதே இயந்திரம், கோர்ட் அனுமதியோடு விற்கப்பட்டு, பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் அடைக்கலத்தின் யார்டுக்கு வந்து சேர்ந்தது. கோதா வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அதைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டாள்.

* * *

பஞ்சப்பூர் தாண்டி மதுரை ரோட்டில் இருக்கிறது யார்டு. இருபது முப்பது பழைய இயந்திரங்கள் வெயிலில் வரிசையாக நிற்கும்.

"வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்னு சொன்னேன், கோதாம்மா. நீங்கதான் கேக்கல" என்றார் அடைக்கலம். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவருக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது.

"நானே பாக்கறேங்க."

"புதுக்கோட்டையிலேர்ந்து பார்ட்டி நாலு மணிக்கு வர்றாங்க. வாங்க வர்றவன் முதல்ல மானிட்டரைத்தான் தட்டிப் பாப்பான். பழைய எரர் ஒண்ணு விடாம அழிச்சுக் குடுத்துடுங்க. சீக்கிரம் முடிச்சுட்டு நீங்களும் கிளம்புங்க, இங்க ரொம்ப நேரம் நிக்க வேணாம்."

மஞ்சள் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். புது ஸ்டிக்கர், சீட்டுக்குப் புது உறை. கல்யாணத்துக்குக் கிளம்பினது மாதிரி நின்றது. அதைப் பார்த்ததும் கோதாவுக்கு வந்தது துக்கம் அல்ல, கோபம். ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, சீட்டுக்குப் பின்னால் கேபிளைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தாள்.

இப்படிப்பட்ட இயந்திரங்கள் எதையும் மறப்பதில்லை. எந்தக் கோளாறு, எத்தனை தடவை, இயந்திரம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது என்று எல்லாம் உள்ளே பதிந்திருக்கும். இருபத்து மூன்று எரர்கள் வரிசையாக வந்தன. பாட்டரி குறைவு, டீசலில் தண்ணீர், வழக்கமான சில்லறைகள். பூம் சிலிண்டர் பிரஷர் சென்சார், அதைப் பார்க்கத்தான் ரகு போனான்.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஒரே ஒரு தடவை. ஓடிய நேரம் 8416.3.

லாக் லிவர் பூட்டிய நிலையில் இருக்கிறது, ஆனால் கைப்பிடிகளுக்குப் போகும் ஆயில் நிற்கவில்லை. அதுதான் அந்த எரருக்கு அர்த்தம். லிவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை லாக் ஸ்விட்சைத் தவிரத் தனியாக இன்னொரு சென்சாரும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கோதா மூன்று முறை படித்தாள். லிவர் பூட்டிய நிலையில் இருந்திருக்கிறது. சிவசங்கர் லாக் போட்டிருக்கிறான். பதினாலு மாதமாக அவன் சொன்னது நிஜம்.

அவள் கீழே குனிந்து சீட்டின் இடது பக்க மூடியைக் கழற்றினாள். லாக் ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்கள் தோல் உரித்து ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன, மேலே கறுப்பு டேப். ஸ்விட்ச் கெட்டுவிட்டதா என்று சோதிக்க இப்படிச் சேர்த்துப் பார்ப்பது உண்டு. சேர்த்த பிறகு லிவரைத் தூக்கினாலும் ஒன்றுதான், தூக்காவிட்டாலும் ஒன்றுதான். சீட்டை விட்டு எழுகிறவன் சட்டை கைப்பிடியில் பட்டால்கூட பூம் இறங்கும்.

டேப்பின் நுனி சின்னதாக உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. திரும்பப் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ரகுதான் அப்படி மடிப்பான். பிரிக்கத்தான் நினைத்திருக்கிறான்.

ஏன் சேர்த்தான்? அவன் பார்க்கப் போன கோளாறுக்கும் இந்த ஸ்விட்சுக்கும் சம்பந்தமே இல்லையே.

எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரிந்தால் ஏதாவது புரியும். 8416.3 என்பது கடிகார நேரம் இல்லை. ஆனால் ரகு அன்றைக்கு அனுப்பிய போட்டோவில் அந்த மீட்டரும் விழுந்திருக்கும், போட்டோ வந்த நேரமும் இருக்கும். அதற்கு அவனுடைய சாட்டைத் திறக்க வேண்டும். பதினாலு மாதமாக அவள் அதைத் திறக்கவில்லை. திறந்தால் தாங்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

திறந்தாள்.

போட்டோ, பதினொன்று இரண்டு. மீட்டரில் 8416.1. வித்தியாசம் பத்தில் இரண்டு, அதாவது பன்னிரண்டு நிமிஷம். பதினொன்று பதினாலுக்கு எல்லாம் முடிந்திருக்கிறது.

போட்டோவுக்குக் கீழே அவள் பேசி அனுப்பியது இரண்டு இருந்தது. முதலாவது பதினொன்று நாலுக்கு.

"ரகு, சென்சார் ப்ளக் பூமுக்கு அடியில இருக்கும் பாரு. என்ஜினை ஆஃப் பண்ணாதே, ஓடிண்டே இருக்கட்டும். வோல்டேஜ் எவ்வளவு வரதுன்னு பார்த்துச் சொல்லு."

இரண்டாவது பதினொன்று ஒன்பதுக்கு. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அந்த லாக் லிவர் ஸ்விட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் சேர்த்துட்டுப் பாரு. ஸ்விட்ச்தான் போயிருக்கணும்."

அதற்குக் கீழே ரகுவிடமிருந்து, சரி என்கிற ஒரு கட்டைவிரல் படம். பதினொன்று ஒன்பது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கோதாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டாவது ரகுவுக்குச் சொன்னதே இல்லை. மண்ணச்சநல்லூரில் மாதவன் என்கிற மெக்கானிக், கைப்பிடி எதுவுமே வேலை செய்யவில்லை என்று அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொன்னது. அடுப்பில் சாதம், கையில் கரண்டி, போனில் இரண்டு பேர். விரல் மாறிப்போய் ரகுவுக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு மணி வாக்கில் மாதவன் கூப்பிட்டு, "மேடம், ஒண்ணும் அனுப்பலையே?" என்று கேட்டான். நெட் சரியில்லை போலிருக்கு என்றாள். அந்த போனை வைத்த கையோடுதான் ஏரியிலிருந்து போன் வந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கதவைத் திறந்து இறங்கி, சங்கிலிப் பட்டைக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு? நான்தான் சொன்னேனே, வேணாம்னு" என்று அடைக்கலம் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "முடிஞ்சுதா? அழிச்சிட்டீங்களா?"

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி மறுபடி ஏறினாள்.

திரையின் கீழே 'எல்லாம் அழி' என்று பட்டன் இருந்தது. ஒரு தட்டு. அப்புறம் அந்த இரண்டு ஒயர்களையும் பிரித்துவிட இரண்டு நிமிஷம். யாருக்கும் எப்போதும் தெரியாது. கோதாவை உத்தமியாகக் காட்ட எனக்கு ஆசைதான், ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். அவள் விரல் அந்தப் பட்டன் மேலேயே நெடுநேரம் இருந்தது. அப்பாவுக்கு இதைச் சொல்வதைவிட ஒரு அந்நியன் ஜெயிலுக்குப் போவது அவளுக்குச் சுலபமாகத்தான் தோன்றியது.

பிறகு தேவதர்ஷினி ஞாபகம் வந்தாள். சிவசங்கரின் மனைவி. மூன்று வாரம் முன்னால் ஸ்ரீரங்கத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்று, "அவரு பொய் சொல்ற ஆளு இல்லக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா கேட்டைச் சாத்தினார். கோதா ஜன்னலுக்குப் பின்னால் நின்று, நடிக்கிறாள் என்று நினைத்தாள்.

கோதா விரலை எடுத்தாள். பட்டியலைச் சேமித்தாள். ஒயர்களை நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தாள்.

"இந்த வண்டியை இன்னிக்கு விக்காதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க."

"என்னம்மா இது? ஆள் பாதி வழி வந்திருப்பான்."

"சிவசங்கர் லாக் போட்டிருக்கார். உள்ளே பதிஞ்சிருக்கு."

அடைக்கலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட வேலை கேட்டு வந்தாம்மா அவன். ஆளைக் கொன்னவன் நம்மகிட்ட வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்.

* * *

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. ராஜகோபாலன் சாப்பிடாமல் காத்திருந்தார்.

"சார்ஜர் கிடைச்சுதா?"

"நான் அதுக்குப் போகலைப்பா."

சொல்ல ஆரம்பித்தாள். எரர் என்ன, லிவர் என்ன, ஒயர் என்ன என்று வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. 8416.3 என்று சொன்னபோது மட்டும், "பாயின்ட் ஒண்ணுக்கு ஆறு நிமிஷமா?" என்று கேட்டார். பழக்க தோஷம்.

கடைசியில் போனை மேஜை மேல் வைத்து இரண்டையும் போட்டுக் காட்டினாள். இரண்டாவதை இன்னொரு தடவை போடச் சொன்னார். குக்கர் விசில் கூடத்தில் கேட்டது. அவர் அந்தக் கட்டைவிரலைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிள்ளை கடைசியாக அனுப்பியது அது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"லாக் போட்டிருக்கார்ங்கறது அடைக்கலத்துக்குத் தெரியும். இது தெரியாது."

அவர் பேனாவை மூடினார். மூன்று பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்கோ. திட்டுங்கோ."

"திட்டினா என்னடி ஆகும்?"

"எனக்குக் கொஞ்சம் தேவலையா இருக்கும்."

அவர் எழுந்து அவளைத் தாண்டி உள்ளே போனார். திரும்பி வரும்போது வேறு வேஷ்டி கட்டியிருந்தார். "அந்தப் பையன் ஆத்துக்கு வழி தெரியுமோ?" என்று கேட்டார். பாவி என்று சொல்லவில்லை. பதினாலு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

* * *

புத்தூரில் ஆஸ்பத்திரிகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஒரே அறை. சிவசங்கர் இப்போது அந்தத் தெருவில் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், வாசலில் நிற்பவர்களைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

தேவதர்ஷினி அவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "நாளைக்குத்தான் கோர்ட்டுல பாப்பீங்கல்ல? இங்க எதுக்கு வந்தீங்க?"

ராஜகோபாலன் கைகளைக் கூப்பினார். எழுபது வயது மனிதர். அந்தச் சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீங்க லாக் போட்டிருக்கேள். மிஷின்லயே இருக்கு. நான் உங்களைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசினேன். என்னை மன்னிக்கணும்."

சிவசங்கர் அவர் முகத்தையும் கோதா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் போட்டேனாங்களா?"

"போட்டிருக்கீங்க" என்றாள் கோதா.

"நிஜமாவா மேடம்? நல்லாப் பாத்தீங்களா?" அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கலாம்னு இருந்தேங்க. எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியாமப் போச்சு. போட்டேனா, போடலையா? கண்ணை மூடினா அந்த லிவர் கீழதான் கெடக்குது. நான்தான் மறந்துட்டேன்னு நம்பிட்டேன். இவகிட்டகூட நேத்து சொல்லிட்டேன், நான்தான் கொன்னுருக்கேன்னு."

தேவதர்ஷினி அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் வாய் விட்டு அழுதான். ரகுவின் சாவுக்கு இப்படி அழுத ஆண்பிள்ளை இதுவரை யாருமில்லை, ராஜகோபாலன் உட்பட. கோதாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அப்ப பூம் எப்படிங்க இறங்குச்சு?"

கோதா வாயைத் திறந்தாள். அதற்குள் ராஜகோபாலன் முந்திக்கொண்டார்.

"என் பிள்ளைதான். லாக் ஒயரைச் சேர்த்து வெச்சிருக்கான். அவனாத்தான் பண்ணிருக்கான். யாரும் சொல்லலை."

கோதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பரீட்சையில் அரை மார்க் கூட்டிப் போடச் சொன்ன தலைமையாசிரியரிடமே முடியாது என்று சொன்ன மனிதர். செத்துப்போன பிள்ளை மேல் பழியைத் தூக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

"இல்லங்கய்யா" என்றான் சிவசங்கர். அவன் குரலில் கள்ளமே இல்லை. இறந்தவனுக்காகப் பரிந்துதான் பேசினான். "ரகு சார் மேல அப்படிப் போடாதீங்க. எனக்கு ஒயர் விஷயம் தெரியாது. ஆனா அவரு இஷ்டத்துக்கு எதையும் தொடுற ஆளு இல்ல. கீழ நின்னுக்கிட்டு இருந்தவரு, போன் சத்தம் கேட்டு எடுத்துக் கேட்டாரு. அப்புறந்தான் மேல ஏறி சீட்டுக்கிட்ட குனிஞ்சாரு. எதுக்கு சார்னு கேட்டேன். எங்க அக்கா சொன்னா காரணம் இருக்கும்னாரு."

தேவதர்ஷினி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"போன்ல என்னக்கா சொன்னீங்க?"

கோதா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"வேண்டாம்மா" என்றார் ராஜகோபாலன். கேட்கிறவர்கள் யார், இடம் எது என்றெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. "கோதா, வேண்டாம். எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம்."